படகுக்கரையைக் கேட்டு வந்த கப்பல்

சிப்பித்துறை, அந்தமான்
19 ஆகஸ்ட் 2024

எழிலரசன் அவர்களுக்கு,

சுகுணா எழுதுவது. ஐந்து வருடமாகப் பேசாதவள் திடீரென்று ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உறவு கொண்டாட எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அது தெரிந்த ஆள் எங்கள் சொந்தத்தில் நீங்கள் ஒருவர்தான். போனில் கேட்டால் பேச்சு பழைய கதையில் போய் நிற்கும், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் தபால்.

நான் இங்கே இப்போது பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து கண்ணன் என்று ஒருவர் வந்தார். திரை கட்டிப் படம் காட்டினார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு சொகுசுக் கப்பல் வருமாம். ஒவ்வொன்றிலும் தொள்ளாயிரம் பேர். அவர்கள் இறங்கி உட்காரவும் குளிக்கவும் ஒரு கடற்கரை வேண்டுமாம். அதற்கு எங்கள் படகுக்கரையைக் கேட்கிறார்கள், முப்பது வருடக் குத்தகைக்கு. இந்தத் தீவில் பாறை இல்லாத கரை அது ஒன்றுதான். முப்பத்தொரு டிங்கிப் படகுகளை அங்கேதான் இழுத்து வைக்கிறோம். படகுகளுக்கு வடக்குப் பக்கம் வேறு இடம் காட்டுவார்களாம். வடக்குப் பக்கம் முழுக்கப் பாறை.

டிசம்பர் 14 அன்று ஒரு கப்பல் வெள்ளோட்டமாக வந்து போகும். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம். பஞ்சாயத்துத் தலைவர் பிச்சைமுத்து, இங்கே பிரதான் என்போம், கொடுத்துவிடலாம் என்கிறார். அவரையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர். அவரோடு மூன்று பேர் கொடுக்கலாம் என்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். மிச்சம் நான்.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனிப் படகில் கேப்டன் வேலை தருவதாகச் சொல்லி ஒரு வெள்ளைச் சட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இருபது வருடமாகப் படகு இழுத்து அவருக்கு முதுகு போய்விட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் அந்த மாதிரிக் கப்பல்களில் பன்னிரண்டு வருடம் இருந்தீர்கள். எத்தனையோ தீவு பார்த்திருப்பீர்கள். கப்பல் போன பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன மிஞ்சுகிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

லீவு கிடைக்கவில்லை என்று என் மகள் காதுகுத்துக்குச் சொன்னது போல எழுத வேண்டாம். அந்தமானிலிருந்து மூன்று நாள் கடலில் வந்த சனத்துக்கு முன்னால், தாய்மாமன் மடி இல்லாமல் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தேன். லீவு கிடைக்காமல் இல்லை, நீங்களே கேட்டு வேலையை நீட்டிக்கொண்டீர்கள் என்று கப்பலில் உங்களோடு தங்கியிருந்தவர் பிறகு சொன்னார். அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுகுணா அழகுமலை


ஆவுடையார்கோவில்
6 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் மதினி புவனேஸ்வரியும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சத்யாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். தாலுகா ஆபீசில் மனு கொடுக்கும் நாள். கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தெற்கு வீதியில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன், உனக்குத் தெரிந்திருக்கும். கவரைப் பிரிக்காமலே மத்தியானம் வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

நீ கேட்ட விஷயம். சுற்றுலாக் கப்பல் வருவதால் ஊருக்குப் பல நன்மைகள் உண்டு. நல்ல சாலை, விளக்கு, தண்ணீர் வசதி வரும். பிள்ளைகள் இங்கிலீஷ் பேசப் பழகுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போவதால் ஊருக்குப் பெயர் கிடைக்கும். சில சிரமங்களும் இருக்கும், எதில்தான் இல்லை? மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அந்த வேலை அவருக்கு நல்லதுதான். எல்லாவற்றையும் யோசித்து நல்ல முடிவாக எடு.

காதுகுத்து விஷயமாக எழுதியிருந்தாய். அன்றைய சூழ்நிலை அப்படி. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

சத்யா எத்தனையாவது படிக்கிறாள்?

உன் அண்ணன்,
எழிலரசன்


சிப்பித்துறை
27 செப்டம்பர் 2024

எழிலரசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தையும் கண்ணன் கொடுத்த மடிப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சாலை, விளக்கு, இங்கிலீஷ், பெயர். அதே வரிசை.

நான் கேட்டது வேறு. தொள்ளாயிரம் பேர் இறங்கினால் அதில் எத்தனை பேர் இங்கே சோறு போடுகிற பொற்கொடி அக்கா கடையில் சாப்பிடுவார்கள்? எங்கள் படகில் ஏறுவார்களா, கப்பல் படகிலேயே வந்து கப்பல் படகிலேயே போய்விடுவார்களா? கரையைக் கொடுத்த பிறகு நாங்கள் அங்கே போக முடியுமா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்வேன்.

நேரில் பார்க்கும்போது சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் எப்போது பார்ப்போம்?

சத்யா மூன்றாம் வகுப்பு.

சுகுணா


ஆவுடையார்கோவில்
14 அக்டோபர் 2024

சுகுணா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். புவனேஸ்வரி பார்த்துவிட்டு, "அஞ்சு வருசமா ஒங்க தங்கச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதக் கூட ஒழுங்காச் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். சொல்கிறேன்.

முதலில் காதுகுத்து. லீவு கொடுத்திருந்தார்கள். டிக்கெட் கூடப் போட்டாகிவிட்டது. அந்த வாரம் கரைச் சுற்றுலா மேசைக்கு, அதாவது இறங்கப் போகிற ஊரைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்கிற இடத்துக்கு, ஆள் தேவைப்பட்டது. ஏழு வருடம் தட்டு கழுவி, நாலு வருடம் சாப்பாடு பரிமாறியவனுக்கு முதன்முதலாகக் கழுத்துப்பட்டையும் சட்டையில் குத்தும் பெயர் அட்டையும் கிடைக்கிற வேலை. இப்போது போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். நானாகத்தான் டிக்கெட்டை ரத்து செய்தேன். உன்னிடம் பொய் சொன்னேன். உன் புகுந்த வீட்டார் முன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இல்லை. நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அதுதான் இத்தனை நாள் எழுத விடாமல் தடுத்தது.

இனி நீ கேட்டது. அந்த மேசையில் என் வேலை என்ன தெரியுமா? கப்பல் ஒரு தீவை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் பேசுவது. "கரையில் திறந்த இடத்தில் விற்கும் உணவைத் தவிர்ப்பது நல்லது. எங்கள் பட்டியலில் உள்ள கடைகளில் மட்டும் பொருள் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம். மதிய உணவு கப்பலில் தயாராக இருக்கும்." இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருப்பார்கள், நான் சிரித்த குரலில் படிப்பேன். பட்டியலில் உள்ள கடைகள் அந்த ஊர்க்காரர்களுடையவை அல்ல. கப்பல் போகிற தீவுகளில் எல்லாம் அதே கடைகள்தான் இருக்கும்.

கரீபியன் கடலில் ஒரு தீவு. படகுத்துறையில் ஒரு பெண் பெரிய வாணலியில் மீன் பொரித்து விற்பாள். நல்ல மீன், நானே வாங்கித் தின்றிருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கப்பல் வரும், மாலை நாலு மணிக்குப் புறப்படும். இரண்டாயிரம் பேர் அவளைத் தாண்டிப் போவார்கள், படம் எடுப்பார்கள். பசித்ததும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள், சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்திதானே. ஒருநாள் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உள்ள என்னதான் சொல்றீங்க எங்களப் பத்தி?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்வதில்லை என்றேன். மறு வருடம் அவள் அங்கு இல்லை. அவள் புருஷன் கம்பெனிக் கடற்கரையில் குப்பை கூட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கடற்கரைக்கு வேலி போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சீருடையும் அட்டையும் இருந்தால்தான் உள்ளே போகலாம். கப்பல் வராத மாதங்களில் சீருடையும் இல்லை.

எல்லாத் தீவும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அதுவும் பொய்யாகிவிடும். வேறொரு தீவில் சின்னக் கப்பல்களை மட்டும்தான் விட்டார்கள், நூறு பேருக்குள். வந்தால் இரண்டு இரவு நிற்க வேண்டும். ஆட்களை ஊர்ப் படகுதான் ஏற்றி இறக்கும். கரை ஊர்க்காரர்களுடையது, யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே சனம் கப்பலைப் பார்த்து நிஜமாகவே சிரித்தது. இவ்வளவுக்கும் காரணம் ஒன்றுதான். அவர்கள் கேட்டார்கள். மற்ற தீவுக்காரர்களிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

இங்கே நம் கோயிலுக்கு வாரம் இரண்டு மூன்று டூரிஸ்ட் பஸ் வருகிறது. கல் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். போன மாதம் ஒரு வழிகாட்டி என் கடைக்குப் பதினைந்து அடி தூரத்தில் நின்று, "இங்கிட்டு யாரும் எதுவும் சாப்பிட வேணாம். மத்தியானச் சாப்பாடு காரைக்குடியில சொல்லியாச்சு" என்று கத்தினார். நாற்பது பேரும் என் கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். என் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீ எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதுதான் நான் பார்த்தது.

எழில்


சிப்பித்துறை
10 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. காதுகுத்து பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். பொய் என்று எனக்கு முன்பே தெரியும். உங்கள் கையால் எழுதி வந்தது வேறு மாதிரி இருந்தது. அதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

கப்பல் பற்றிய பகுதியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"பன்னெண்டு வருசம் கப்பல் சோறு தின்னவரு, இப்ப எனக்கு வேலை வர்ற நேரத்துல கதவச் சாத்துறாரு" என்றார்.

"கதவச் சாத்தல. கதவுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு சொல்றாரு" என்றேன்.

"ஒனக்கு என் முதுகு வலி தெரியாது சுகுணா."

அதற்கு நான் என்ன சொல்வது? தெரியாதுதான். ராத்திரி திரும்பிப் படுக்க அவர் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன், ஆனால் வலி அவருக்குத்தானே. பத்து நாளாகச் சாப்பாடு போடு, சாவியைக் கொடு என்பதற்கு மேல் பேச்சில்லை. சத்யா எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போகிறாள்.

கண்ணன் மறுபடி வந்தார். நான் கேட்டேன். யார் படகில் இறங்குவார்கள்? "கம்பெனி படகுதான் மேடம், பாதுகாப்பு விதி இருக்கு." அப்படியென்றால் எங்கள் ஆட்கள் கேப்டன் என்றது? "பயிற்சி முடிஞ்ச பிறகு, காலியிடம் இருந்தா." கரைக்கு வேலி உண்டா? "அழகா இருக்கும் மேடம், மரவேலி." அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார். எங்களுக்குக் கேட்கத்தான் தெரியவில்லை.

வெள்ளோட்டத்து அன்று மட்டும் முந்நூறு பேர் கரையில் சாப்பிடுவார்கள் என்று பொற்கொடி அக்காவின் மகளிர் குழுவிடம் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றேன், சிரித்தார். அக்கா ஒரே உற்சாகத்தில் இருக்கிறாள். புதுப் பாத்திரம் வந்து இறங்கியிருக்கிறது. அவளிடம் உங்கள் கடிதத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

சுகுணா


ஆவுடையார்கோவில்
28 நவம்பர் 2024

சுகுணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், 14ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டுமே என்று. விரைவுத் தபாலில் போடுகிறேன்.

பொற்கொடி அக்காவிடம் பாதி அளவு சமைக்கச் சொல். கப்பல் வருகிறேன் என்று சொல்லி வராத நாளும் உண்டு. நீங்கள் இருப்பது திறந்த கடல். டிசம்பரில் அலை பெரிதாக இருந்தால் நங்கூரம் போடாமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நான் வேலை பார்த்தபோது பத்துக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. பயணிகளுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு அறிவிப்பு. கரையில் காத்திருப்பவர்களுக்கு அறிவிப்பு கிடையாது.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாக இதைச் சொல். அவர் வேலையைக் கெடுக்க எழுதவில்லை. அவர் முதுகு தேறுவதற்கு வேறு வழி இருந்தால் அதற்கு நானும் ஓடி வருவேன். அவர் இதை நம்ப வேண்டும் என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் பிள்ளையின் காதுகுத்துக்கே வராதவன்தானே.

எழில்


சிப்பித்துறை
17 டிசம்பர் 2024

அண்ணா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் 11ஆம் தேதி வந்தது. பொற்கொடி அக்காவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். புதுப் பாத்திரங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, நூத்தம்பதுக்கு ஒல வைப்போம். வந்தாங்கன்னா பத்தாமப் போகட்டும், இன்னொரு ஒல வைக்க எவ்வளவு நேரமாகும்" என்றாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கப்பல் தெரிந்தது. வெள்ளையாக, ஒரு ஊரையே தூக்கி மிதக்கவிட்ட மாதிரி. பிள்ளைகள் கொடி பிடித்து நின்றார்கள். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, அலை நல்ல உயரம். பாறைத்திட்டுக்கு நடுவே வழி காட்டுவதற்காக எங்கள் ஆட்கள் மூன்று டிங்கிகளில் போனார்கள். அவற்றில் ஒன்றில் உன் மாப்பிள்ளை. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல் திட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றது. படகு எதுவும் இறக்கவில்லை. பிறகு கண்ணன் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பிரதானிடம் ஏதோ சொன்னார். பிரதான் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அலை அதிகமாம், நிற்கப் போவதில்லையாம். ஒரு நீண்ட ஊதல். கப்பல் திரும்பிவிட்டது.

இரண்டு டிங்கிகள் திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. கப்பல் திரும்பியபோது அந்த அலையும் சேர்ந்து அவர் படகைத் தெற்கு முனைக்கு அந்தப் பக்கம் தள்ளியதைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. தேடிப் போன படகு முனையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது.

இரண்டு மணி நேரம் அண்ணா. கரையில் நின்றேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தோமே, அதில் ஒரு நாளாவது நான் முதலில் பேசியிருக்கலாமே என்பது தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. சத்யா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பாவுக்கு என்ன சொல்லணும், நான் போய்ச் சொல்றேன்" என்றாள். தூது போய்ப் பழகிவிட்டது அவளுக்கு.

மத்தியானத்துக்கு மேல் முனையில் ஒரு புள்ளி தெரிந்தது. எஞ்சின் நின்றுபோய்த் துடுப்பு போட்டு வந்திருக்கிறார். கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் தண்ணீருக்குள்ளேயே ஓடினேன். மெம்பர் இப்படி ஓடலாமா என்று இப்போது எல்லாரும் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

கரைக்கு வந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, "சோறு இருக்கா?" இருந்தது, நூற்றைம்பது பேருக்கு. ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. கண்ணனும் சாப்பிட்டார். பொற்கொடி அக்கா அவருக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாகவே வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே உன் மாப்பிள்ளை சொன்னார்: "எஞ்சின் நின்னதும் கைய ஆட்டிக் கூப்பிட்டேன். மேல இருந்தவங்களும் கைய ஆட்டுனாங்க. படம் எடுத்தாங்க. அவங்க மேல தப்பில்ல சுகுணா. அம்புட்டு ஒசரத்துலேருந்து பாத்தா நாம சும்மா கை காட்டுற மாதிரிதான தெரியும்."

பிறகு, "மச்சான் எழுதுன லெட்டர எடுத்து வை. முழுசாப் படிக்கணும்" என்றார்.

பத்திரமாக இருக்கிறார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சுகுணா


ஆவுடையார்கோவில்
2 ஜனவரி 2025

அன்புள்ள சுகுணா,

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். மூன்றாவது டிங்கி வரவில்லை என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தாரே, அது போதும். புவனேஸ்வரி அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் வந்தாள்.

‘நீ’ என்று எழுதியிருந்தாய். கவனித்து எழுதினாயோ, அவசரத்தில் வந்ததோ தெரியாது. மாற்றிவிடாதே.

கிராம சபைக்கு ஒன்று சொல்லலாமா? வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பிரதானுக்கும் மற்றவர்களுக்கும் ஊருக்கு வந்ததை நீ தட்டிவிட்டாய் என்று ஆகும். எப்படி வந்தால் வரலாம் என்று நீங்களே எழுதுங்கள். கரை ஊருடையது, யாருக்கும் குத்தகை இல்லை. ஆட்களை ஏற்றி இறக்குவது ஊர்ப் படகு, அதற்கு வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியை அவர்கள் கொடுக்க வேண்டும். நூறு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு நாளாவது நிற்க வேண்டும். கடைசியாக ஒன்று. கப்பலுக்குள் உங்களைப் பற்றி என்ன அறிவிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே பஞ்சாயத்துக்குக் காட்ட வேண்டும். இதை எந்த ஊரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் என்னிடம் கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கும்.

படகைக் கயிறு சுற்றி இழுக்க மோட்டார் வைத்த உருளை மணமேல்குடிப் பக்கம் சில கரைகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் பொத்தானை அமுக்கினால் போதும், முதுகு தேவையில்லை. நேற்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். மீன்வளத் துறையில் இதற்கு மானியத் திட்டம் எதுவும் இருக்கிறதா என்று பிரதானை விட்டு விசாரிக்கச் சொல். மாப்பிள்ளையிடம் கொடு. என் படம் கோணலாக இருக்கும், அவருக்குப் புரியும்.

அண்ணன்


சிப்பித்துறை
28 ஜனவரி 2025

அண்ணா,

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது.

நீ எழுதியதை நானும் பொற்கொடி அக்காவும் உட்கார்ந்து எங்கள் வார்த்தையில் எழுதினோம். சபையில் படித்தேன். படித்து முடித்ததும் பிரதான் பிச்சைமுத்து எழுந்தார்.

"வர்ற லட்சுமிக்கு இத்தனை கேள்வியா? இவ்வளவு கேட்டா எவன் வருவான்? வேற தீவுக்குப் போயிருவான்."

அதுதான் எனக்கும் பயம். அப்போது பின்வரிசையிலிருந்து உன் மாப்பிள்ளை எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கண்ணன் சார், ஒங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு எஞ்சின் நின்னு போயி நான் வந்து ஏறுன எடம் அந்தக் கரைதான். அங்க வேலி இருந்திருந்தா, நான் எங்க ஏறியிருப்பேன்?"

கண்ணன், "தெரியல அழகுமலை" என்றார்.

அவ்வளவுதான் அண்ணா. கரை குத்தகைக்கு இல்லை, மற்ற நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளும் எந்தக் கப்பலும் வரலாம் என்று தீர்மானம். ஏழில் ஆறு கை உயர்ந்தது. பிரதான் கையைத் தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம், "யாரும் வரலேன்னா சனம் ஒன்னத்தான் கேக்கும்" என்றார். கேட்கட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது.

கண்ணன் தன் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் போகும்போது எங்கள் தாளுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உருளைப் படம் கிடைத்தது. உன் மாப்பிள்ளையும் இன்னும் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, நீ எது எங்கே என்று வரைந்திருக்கிறாய் என ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

சுகுணா


ஆவுடையார்கோவில்
16 பிப்ரவரி 2025

சுகுணா,

மாப்பிள்ளை கேட்ட கேள்வியைப் புவனேஸ்வரியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்தமான் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, ஆனாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உங்கள் முப்பத்தொரு படகும் கடலுக்குப் போகும், வரும். இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருப்பீர்கள். மோசமாகிவிட மாட்டீர்கள். நான் பார்த்த எத்தனையோ தீவுகளுக்கு அந்த வாய்ப்பு கூட இருக்கவில்லை.

நான் ஒன்று கேட்க வேண்டும். ஏப்ரலில் கடையைப் பத்து நாள் மூடலாம் என்று நினைக்கிறோம். நானும் புவனேஸ்வரியும் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் எழுது, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சம்மதம் என்றால் டிக்கெட் போடுகிறேன். போட்ட டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன்.

அண்ணன்


சிப்பித்துறை
23 மார்ச் 2025

அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, காரணம் இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் கண்ணன் போன் செய்தார். அவர் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டதாம். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒருவர் சின்னக் கப்பல் வைத்திருக்கிறார், எண்பது பேர் ஏறுவது. எங்கள் தாளை அவரிடம் கண்ணன் காட்டியிருக்கிறார். வரட்டுமா என்று கேட்டார். பஞ்சாயத்தைக் கூட்டினோம். பிரதானே முதலில் கையைத் தூக்கினார்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது, வியாழக்கிழமை போனது. கடல் குளம் மாதிரி கிடந்தது. எங்கள் ஆறு டிங்கிகளில் எல்லாரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கப்பலில் படித்த அறிவிப்பை முதலிலேயே அனுப்பியிருந்தார்கள். ‘இந்தத் தீவில் முந்நூறு குடும்பங்கள் வாழ்கின்றன. படகுக்கரை அவர்கள் வேலை செய்யும் இடம், பாதையில் நிற்க வேண்டாம். பசித்தால் கடைகளில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.’ நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று நினைக்காதே. எண்பது பேரில் முப்பது பேர்தான் கரையில் சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்குக் காரம் தாங்காமல் கண் கலங்கியது. ஒருவர் மீன் காயவைத்திருந்த பாயின் மேல் நடந்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் அவர்கள் பின்னாலேயே சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகவில்லை, டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். ஆனால் பொற்கொடி அக்கா சமைத்தது மிச்சமில்லை. படகோட்டின ஆறு பேரும் அந்த இரண்டு நாளும் வலை போடவில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. அடுத்து அக்டோபரில் வருகிறார்களாம். அதற்குள் தப்பு நடந்த இடங்களைச் சரி செய்ய வேண்டும். வராவிட்டாலும் சரி. இதைச் சொல்லும்போது இப்போது எனக்குப் பயமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் வீட்டுக்கு வந்து பாயில் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். உன் மாப்பிள்ளை சமைத்து, சத்யாவுக்குப் போட்டு, எனக்கும் எடுத்து மூடி வைத்திருந்தார். "ஆகஸ்ட்லேருந்து இப்பதான் ஒழுங்காத் தூங்குற. எழுப்ப மனசு வரல" என்றார்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் எழுதிக் கேட்பார்களா? டிக்கெட் போட்டுவிட்டு என்ன தேதி என்று மட்டும் எழுது. மதினி ஊர் கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை கிடைத்தால் கொண்டு வரச் சொல், இங்கே யாரும் சுட்டுத் தின்று பார்த்ததில்லை. போர்ட் பிளேரிலிருந்து வரும் படகு காலை ஒன்பது மணிக்கு மேல்தான் இங்கே கரை சேரும். நாங்கள் மூன்று பேரும் எட்டு மணிக்கே வந்து நிற்போம்.

உன் தங்கை,
சுகுணா